பண்ணைப் பயிற்சிக்குக் கல்லூரியில் மதிப்பு கிடைக்குமா?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. இப்போது கிராமங்களில் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கறிக்கு உதவிய சுரைக்காய் ஏட்டில் ஏறுமா? காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, சொட்டுநீர்ப் பாசனக் கருவி பொருத்துதல், நாற்றங்கால் பராமரிப்பு, கறவை மாடு வளர்ப்பு என்று பல தொழில்களில் பயிற்சி பெற்ற இளைஞர்களும் மகளிரும் ஊருக்குப் பத்துப் பேராவது இருக்கிறார்கள். பலருடைய வீட்டுப் பெட்டியில் நான்கைந்து சான்றிதழ்கள் கிடக்கின்றன. பின்னாளில் படிப்பைத் தொடர விரும்பும்போது இவை கல்லூரியில் கணக்கில் சேருமா என்ற கேள்வி எழுகிறது.

இதற்கு ஊரில் இரண்டு விதமான பதில்கள் சொல்லப்படுகின்றன. "அது வெறும் காகிதம், சட்டம் போட்டு மாட்டத்தான் உதவும்" என்பது ஒன்று. "மூன்று பயிற்சி முடித்தால் பட்டமே கிடைக்கும், புது விதி வந்துவிட்டது" என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. முதல் பதிலை நம்பியவர் தமக்கு உரிய மதிப்பைக் கேட்டுப் பெறாமல் விட்டுவிடுகிறார். இரண்டாம் பதிலை நம்பியவர் பணத்தையும் ஓரிரு ஆண்டுகளையும் இழந்துவிட்டு நிற்கிறார். ஆகவே விதி என்ன சொல்கிறது, கணக்கு எப்படிப் போடப்படுகிறது, எங்கெல்லாம் தடை வரும் என்பதைப் பயிற்சியில் சேரும் முன்னரே தெரிந்து கொள்வது அவசியமாகும்.

சான்றிதழ் எல்லாம் ஒன்றல்ல

பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் பயிற்சிச் சான்றிதழ்கள் நான்கு வகைப்படும்.

முதல் வகை, கலந்து கொண்டதற்கான சான்று. ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிகளில் தருவது பெரும்பாலும் இதுதான். வந்தார், கேட்டார் என்பதற்கு மட்டுமே இது சாட்சி. கற்றுக் கொண்டாரா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

இரண்டாம் வகை, திறன் சான்றிதழ். குறிப்பிட்ட வேலையை ஒருவர் தரத்துடன் செய்ய வல்லவர் என்று, பயிற்சி கொடுத்தவர் அல்லாத வேறொரு மதிப்பீட்டாளர் சோதித்துப் பார்த்தபின் வழங்கப்படுவது. வேளாண்மைத் துறையில் இதற்கான வேலைத் தரங்களை இந்திய வேளாண்மைத் திறன் கழகம் வகுத்து வருகிறது.

மூன்றாம் வகை, தொழில் உரிமத்திற்கு உதவும் பட்டயம். உரம், பூச்சிமருந்து விற்பனையாளர்களுக்காக ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓராண்டு 'தேசி' பட்டயம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கடையை மூடாமலே வாரத்தில் ஒரு நாள் வகுப்பு என்ற முறையில் 48 வாரங்கள் இது நடைபெறுகிறது. இவற்றில் 40 வாரங்கள் வகுப்பறைப் பாடமும் 8 வாரங்கள் வயல் பார்வையும் உண்டு. விற்பனை உரிமத்திற்குக் கல்வித் தகுதி வேண்டும் என்று விதிகள் வந்தபின், பல்லாண்டு அனுபவம் இருந்தும் பட்டம் இல்லாத கடைக்காரர்கள் பலருக்கு இப்பட்டயம் கைகொடுத்தது.

நான்காம் வகைதான் கல்லூரிக் கணக்கில் சேரக்கூடிய சான்றிதழ். 'கிரெடிட்' எனப்படும் மதிப்பலகு இதில் குறிக்கப்பட்டிருக்கும். எந்த நிலைப் படிப்புக்குச் சமம் என்பதும் எழுதப்பட்டிருக்கும். இவை இரண்டும் இல்லாத சான்றிதழ், எவ்வளவு பெரிய நிறுவனம் கொடுத்தாலும், கல்லூரி வாசலில் முதல் மூன்று வகைகளில் ஒன்றாகவே கருதப்படும்.

உரிமத்திற்குச் செல்லும் சான்று கல்லூரிக்கும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. கிணற்றுக்கு வாங்கிய மோட்டாரை டிராக்டரில் மாட்ட முடியாது. இரண்டும் இயந்திரம்தான் என்றாலும் அவற்றின் பயன் வேறு.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

கல்லூரிக்கு வெளியே கற்றதற்குக் கல்லூரி மதிப்பு அளிக்கும் எண்ணம் புதிதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் இராணுவத்தில் பெற்ற பயிற்சியை மதிப்பிட்டு, அது எத்தனை கல்லூரி மதிப்பலகுக்குச் சமம் என்று பரிந்துரைக்கும் பணியை அமெரிக்கக் கல்விக் குழு 1945 முதல் செய்து வருகிறது. தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் தம் ஊழியர்களுக்கு அளிக்கும் பயிற்சிகளுக்கும் 1974-இல் அந்த முறை விரிவாக்கப்பட்டது. அங்கும் அக்குழு பரிந்துரை மட்டுமே செய்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் உரிமை. பிரான்சு நாட்டில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தம் தொழில் அனுபவத்தை ஒரு தேர்வுக் குழுவின் முன் நிரூபித்துப் பட்டயமோ பட்டமோ பெற வழி உண்டு.

நம் நாட்டில் நிலைமை சற்று வேறு. உழவர் பயிற்சிக்கென்றே ஏற்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்களில் முதலாவது நிலையம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. டாக்டர் மோகன்சிங் மேத்தா தலைமையிலான குழு இந்நிலையங்களுக்கு வகுத்த கொள்கை குறிப்பிடத்தக்கது. செய்து கற்றலே முறை. எல்லா நிலையங்களுக்கும் பொதுவான ஒரே பாடத்திட்டம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அந்தந்த வட்டாரத்தின் தேவையே பாடம்.

இக்கொள்கையால் பள்ளிக்கூடம் போகாத பெண்களும் நிலமற்ற தொழிலாளரும் பயிற்சிக்கு வர முடிந்தது. ஆனால் பொதுவான பாடத்திட்டம் இல்லாத பயிற்சியை ஒரு கல்லூரி எப்படி அளவிடும்? ஓர் ஊரில் காளான் பயிற்சி ஐந்து நாள். மற்றோர் ஊரில் ஒரே நாள். இரண்டுக்கும் சான்றிதழில் ஒரே பெயர். பயிற்சியின் பலமாக இருந்த நெகிழ்ச்சியே கல்லூரி மதிப்பு என்று வரும்போது பலவீனமாகிவிட்டது. அதனால்தான் பயிற்சிகளுக்குப் பொது அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது.

அளவுகோல் வந்த வரலாறு

2013-ஆம் ஆண்டு டிசம்பரில் தேசியத் திறன் தகுதி வரையறை அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு தொழிலுக்கும் படிநிலை குறிக்கும் முறை இதனால் ஏற்பட்டது. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்னரே தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றளிக்கும் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற பிரிவும் இடம் பெற்றது. வேளாண் அறிவியல் நிலையங்கள் சிலவற்றில் 200 மணி நேரமும் அதற்கு மேலும் நடைபெறும் திறன் பயிற்சிகள் வந்தன. 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு, மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கும் 'கல்வி மதிப்பலகு வங்கி'க்கான விதிகளை வெளியிட்டது. 2023 ஏப்ரலில் பள்ளிக் கல்வி, உயர்கல்வி, தொழிற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் கொண்டுவரும் தேசிய மதிப்பலகு வரையறை வெளியாயிற்று. முன்கற்றலுக்கு உயர்கல்வியில் இடமளிக்கும் கதவு இவ்வாறு படிப்படியாகத் திறந்தது.

கணக்கு எப்படி?

பால் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பால் ஊற்றும் உழவர்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். சங்கத்தில் எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்ப்பதில்லை. கொழுப்பும் இதர திடச்சத்தும் எவ்வளவு என்று பார்த்தே விலை போடுகிறார்கள். சோதனை செய்யாமல் பாலை வாங்குவதும் இல்லை. மதிப்பலகும் அப்படித்தான். பயின்ற மணி நேரம் லிட்டர் போன்றது. படிநிலை கொழுப்புச் சத்து போன்றது. தேர்வு என்பது சோதனை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு ஏறாது.

2023-ஆம் ஆண்டு வரையறையின்படி ஓராண்டுப் படிப்பு 1,200 மணி நேரம் என்றும், அதற்கு 40 மதிப்பலகுகள் என்றும் கொள்ளப்படுகிறது. அதாவது 30 மணி நேரத்திற்கு 1 மதிப்பலகு. வகுப்பு நேரம் மட்டுமன்றிச் செய்முறை, வீட்டில் செய்யும் பயிற்சி, தேர்வு ஆகியவையும் இந்த 30 மணிக்குள் அடங்கும். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 120 மதிப்பலகுகள்.

இனி நம் பயிற்சிகளை இந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

ஒரு நாள் பயிற்சி 6 மணி நேரம் என்றால், அது ஒரு மதிப்பலகில் ஐந்தில் ஒரு பங்குதான். ஏழு நாள் பயிற்சி, நாளொன்றுக்கு 7 மணி வீதம் 49 மணி நேரம். ஏறத்தாழ ஒன்றரை மதிப்பலகுக்குச் சற்றுக் கூடுதல். 210 மணி நேரத் திறன் பயிற்சிக்கு 7 மதிப்பலகுகள். 600 மணி நேரப் பயிற்சிக்கு 20 மதிப்பலகுகள். மூன்றாண்டுப் பட்டத்தின் 120-உடன் ஒப்பிட்டால் இவை எவ்வளவு என்பது தெளிவாகும். மூன்று பயிற்சி முடித்தால் பட்டம் என்று சொல்பவர் சொல்வது பொய் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்து, படிநிலை. பள்ளியில் 8-ஆம் வகுப்பு 2-ஆம் நிலை. 10-ஆம் வகுப்பு 3-ஆம் நிலை. 12-ஆம் வகுப்பு 4-ஆம் நிலை. பட்டப்படிப்பின் முதலாண்டு 4.5, இரண்டாமாண்டு 5, மூன்றாமாண்டு 5.5 ஆகும். முனைவர் பட்டம் 8-ஆம் நிலை. பெற்ற மதிப்பலகைப் படிநிலையால் பெருக்கினால் வருவது மதிப்புப் புள்ளி. 4-ஆம் நிலையில் 7 மதிப்பலகு பெற்றவருக்கு 28 புள்ளிகள். அதே 7 மதிப்பலகை 3-ஆம் நிலையில் பெற்றவருக்கு 21 புள்ளிகள்தாம்.

படிநிலையைக் கவனிக்காமல் விடுவதால்தான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். 3-ஆம் நிலைப் பயிற்சியை எத்தனை முறை பெற்றாலும் அது பட்டப்படிப்பின் முதலாண்டுப் பாடத்திற்கு ஈடாகாது. அடுக்கி வைத்த மூட்டைகள் பலவானாலும் உள்ளே இருப்பது அதே நெல்தான்.

அனுபவத்திற்கு என்ன எடை?

பயிற்சி பெற்றபின் அதே தொழிலைத் தொடர்ந்து செய்தவருக்கு வரையறையில் கூடுதல் எடை கொடுக்கப்பட்டுள்ளது. ஓராண்டுக்கு மேல் நான்காண்டு வரையிலான அனுபவத்திற்கு 1.33 மடங்கு, நான்குக்கு மேல் ஏழாண்டு வரை 1.67 மடங்கு, ஏழாண்டுக்கு மேல் 2 மடங்கு. அதிகபட்சம் இரண்டு மடங்குதான்.

ஒரு மகளிர் குழு உறுப்பினர் 210 மணி நேரக் காளான் பயிற்சி முடித்து, தேறி, ஒன்பது ஆண்டுகளாகச் சிப்பிக்காளான் வளர்த்து விற்று வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். அடிப்படை 7 மதிப்பலகு. ஒன்பதாண்டு அனுபவம் நிரூபணமானால் 14. ஐந்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு 11.69. நல்ல உயர்வுதான். ஆனால் 120-இல் 14 என்பது எட்டில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கு இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, அனுபவம் மட்டும் போதாது. அடிப்படையாக ஒரு தகுதி அல்லது பயிற்சி இருந்து, அதன் மேல்தான் மடங்கு கணக்கு. பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினாலும் பூஜ்யமே. இரண்டாவது, அனுபவமும் சோதனைக்கு உட்பட்டது. "இருபது வருஷமாகச் செய்கிறேன்" என்ற வாய்ச்சொல்லை எந்த மதிப்பீட்டாளரும் ஏற்க இயலாது.

முன்கற்றல் அங்கீகாரம் பெறும் முறை

பயிற்சி நிலையத்துக்கே போகாமல் தந்தையிடமோ மேஸ்திரியிடமோ தொழில் கற்றவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரமே வழி. இதன் படிகள் வருமாறு.

முதலில் தாம் செய்யும் வேலை, வகுக்கப்பட்ட எந்த வேலைத் தரத்துடன் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். தேனீ வளர்ப்பவர், காளான் வளர்ப்பவர், நுண்ணீர்ப் பாசனத் தொழில்நுட்பர், இயற்கை வேளாண் சாகுபடியாளர், தோட்டப் பராமரிப்பாளர் போன்ற தரங்கள் உள்ளன. அங்கீகாரம் பெற்ற தகுதிகள் அனைத்தும் தேசியத் தகுதிப் பதிவேட்டில் இணையம் வழியே பார்க்கக் கிடைக்கின்றன. படிநிலை, மணி நேரம், நுழைவுத் தகுதி ஆகியவை அதில் இருக்கும். இணையம் பழக்கமில்லாதவர்கள் பொது சேவை மையத்திலோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ பார்த்துத் தரும்படி கேட்கலாம்.

அடுத்தது, குறைநிரப்புப் பயிற்சி. வேலை தெரிந்தவருக்கும் சில பகுதிகள் தெரியாமல் இருக்கும். சொட்டுநீர்க் குழாய் பதிப்பதில் தேர்ந்தவருக்கு நீரழுத்தக் கணக்கு தெரியாதிருக்கலாம். காளான் வளர்ப்பவருக்கு வைக்கோல் பதப்படுத்தும் வெப்பநிலை கையால் தெரியும், அளவாகத் தெரியாது. இதைச் சரிசெய்யக் குறுகிய பயிற்சி தரப்படும்.

அதன்பின் தேர்வு. எழுத்து அல்லது வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. தேறியவருக்கு வழங்கும் சான்றிதழில் படிநிலையும் மதிப்பலகும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று வாங்கும்போதே பார்த்துக் கொள்ள வேண்டும். அதில் உள்ள கட்டக் குறியைக் கைபேசியில் பிடித்து, சான்றிதழ் மெய்யானதா என்று சரிபார்த்துக் கொள்வதும் நல்லது.

மதிப்பலகு வங்கியில் வரவு வைத்தல்

பணத்தைப் போல மதிப்பலகை நாமே கொண்டுபோய் வங்கியில் கட்ட முடியாது. பயிற்சியோ படிப்போ அளித்த, பதிவு பெற்ற நிறுவனம்தான் மாணவரின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். மாணவர் நேரில் கொடுக்கும் சான்றிதழை வங்கி ஏற்பதில்லை. எனவே பயிற்சி நிறுவனம் இந்த வங்கியில் பதிவு பெற்றுள்ளதா என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பதிவு இல்லாத நிறுவனத்தில் படித்த மணிகள், மடையில்லாத வயலில் பாய்ச்சிய தண்ணீர் போல நில்லாமல் போய்விடும்.

கணக்கு தொடங்கும்போது ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தலைப்பெழுத்து முன்னே ஒன்றிலும் பின்னே மற்றொன்றிலும் இருந்தால்கூடச் சிக்கல் வரும். இதை முன்கூட்டியே திருத்திக் கொள்ள வேண்டும்.

வரவு வைத்த மதிப்பலகு காலவரையற்றது அன்று. 2021-ஆம் ஆண்டு விதிப்படி அதிகபட்சம் ஏழாண்டுகள் வரை செல்லும். பட்டம் பெறச் சேரும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி மதிப்பலகுகளையாவது பெற வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. ஆகவே 120-இல் 60-ஐச் சேர்ந்த கல்லூரியில் படித்தே ஆக வேண்டும். வெளியே பெற்றது எவ்வளவு இருந்தாலும் முழுப்பட்டமும் வெளியிலிருந்தே கிடைக்காது.

எங்கே தடைபடும்?

விதி வந்துவிட்டது என்பதால் எல்லாக் கல்லூரிகளும் ஏற்கும் என்று பொருளாகாது. எந்தப் பாடத்திற்கு ஈடாக எத்தனை மதிப்பலகை ஏற்பது என்பதைப் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவே தீர்மானிக்கிறது. வரையறை ஒரு பாதைதான். அப்பாதையில் கதவைத் திறக்கும் சாவி பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. தேனீ வளர்ப்புச் சான்றிதழை வணிகவியல் பட்டத்தில் சேர்க்கச் சொன்னால், திறன் பாடம் என்ற தலைப்பில் ஒருவேளை இடம் கிடைக்கலாம். முதன்மைப் பாடத்திற்கு ஈடாகக் கிடைக்காது.

வேளாண் பட்டப்படிப்பில் சேர விரும்புபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் பாடத்திட்டம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைகளை ஒட்டி அமைகிறது. பிளஸ் 2-இல் உரிய பாடங்களைப் படித்துத் தேறியிருக்க வேண்டும் என்ற நுழைவுத் தகுதியைப் பயிற்சிச் சான்றிதழ் ஈடுசெய்யாது. மேலும், தொலைநிலை முறையில் நடத்தக்கூடாதவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளில் குறித்த படிப்புகளில் வேளாண்மையும் தோட்டக்கலையும் அடங்கும். "வீட்டிலிருந்தே அஞ்சலில் பி.எஸ்சி. விவசாயம்" என்று விளம்பரம் வந்தால் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அரசு வேலையை எண்ணிப் படிப்பவர்களுக்கு மற்றோர் எச்சரிக்கை. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டத்தைப் பற்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில், 2009-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய பட்டத்தை ஏற்கவில்லை. பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று தமிழக அரசும் அதே ஆண்டில் அரசுப் பணிக்கு ஆணை பிறப்பித்தது. படிகளைத் தாண்டிக் குதித்துப் பட்டம் பெற்ற பலர் வேலை வாய்ப்பின்போது தவித்தனர். ஆகவே பத்தாம் வகுப்போ மேல்நிலையோ முடிக்காதவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தனித்தேர்வராகவோ அந்தப் படியை முதலில் முடித்துவிடுவதே பாதுகாப்பானது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றவர்களுக்கு மொழித்தாள் எழுதித் தேறி இணைச்சான்று பெறும் வழியும் தமிழகத்தில் உண்டு.

பயன் தரும் வேறு வழிகள்

கல்லூரியில் ஏற்கெனவே படித்துக் கொண்டிருக்கும் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிய வழி ஒன்று உண்டு. மத்திய அரசின் 'ஸ்வயம்' இணையப் பாடங்களில் சேர்ந்து, நேரில் நடக்கும் தேர்வை எழுதித் தேறினால் அந்த மதிப்பலகைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்கலாம். 2016-இல் ஒரு பருவப் பாடங்களில் 20 சதவிகிதம் வரை என்றிருந்த இந்த வரம்பு 2021-இல் 40 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கல்லூரியின் ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும். பாடத்தை முடித்துவிட்டு வந்து கேட்டால் மறுக்கவும் கூடும்.

மற்றொரு வழி, திறன் அடிப்படையிலேயே அமைந்த 'பி.வோக்.' என்ற தொழிற்கல்விப் பட்டம். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த முறைப்படி, இதில் ஐந்தில் மூன்று பங்கு தொழில் திறன், மீதி பொதுக் கல்வி. ஓராண்டில் நின்றால் பட்டயம், இரண்டாண்டில் உயர் பட்டயம், மூன்றாண்டில் பட்டம். தொழில் தெரிந்து வருபவர்களுக்கு ஏற்ற அமைப்பு இது. எனினும் தாம் எதிர்பார்க்கும் வேலைக்கு இப்பட்டம் ஏற்கப்படுமா என்று சேரும் முன் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இப்பயிற்சிக்குத் தேசியத் தகுதிப் பதிவேட்டில் பதிவு உண்டா? அதன் படிநிலை என்ன?

2. மொத்தம் எத்தனை மணி நேரம்? எத்தனை மதிப்பலகு? அது சான்றிதழில் அச்சாகி வருமா?

3. தேர்வு நடத்துபவர் யார்? பயிற்சி கொடுப்பவரே தேர்வும் வைத்தால் ஐயப்பட வேண்டும்.

4. மதிப்பலகு வங்கியில் நிறுவனம் வரவு வைக்குமா? எத்தனை நாளில்?

5. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பில், எந்தப் பாடத்திற்கு ஈடாக இதை ஏற்கிறது? ஏற்பதாகச் சொல்லும் கடிதத்தைக் காட்ட முடியுமா?

6. பட்டம் அளிப்பதாகச் சொல்லும் நிறுவனம் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றதா? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அக்குழுவே வெளியிட்டு வருகிறது. அதைப் பார்த்துக் கொள்வது நலம்.

ஐந்தாவது கேள்விக்கு "எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்கும்" என்று பதில் வந்தால், அங்கே பணம் கட்டாமல் திரும்பி வருவதே புத்திசாலித்தனம்.

இப்போதே தொடங்க வேண்டிய பழக்கம்

அனுபவத்தை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். வேலையில் கெட்டிக்காரர்களான நம் உழவர்கள் காகிதத்தில் அசட்டையாக இருந்து விடுகிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பயிற்சிக்குச் சென்ற தேதி, இடம், மணி நேரம், கற்ற பொருள் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். விதை, காளான் வித்து, கருவிகள் வாங்கிய ரசீதுகளை ஆண்டுவாரியாகச் சேர்த்து வைக்க வேண்டும். விற்பனைச் சீட்டு, சங்கத்தின் பாஸ் புத்தகம், மகளிர் குழுத் தீர்மானம், வங்கிக் கடன் கடிதம், தேதி தெரியும் புகைப்படம் ஆகிய எல்லாமே சாட்சியங்கள். பிறர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வேலை முடிந்தவுடனேயே உரிமையாளரிடம் ஒரு கடிதம் பெற்று வைப்பது நல்லது. பத்தாண்டு கழித்துக் கேட்டால் கடிதம் தருபவர் இருக்க மாட்டார், அல்லது நினைவு இருக்காது.

குறிப்பாகப் பெண்கள் இதில் கருத்தாக இருக்க வேண்டும். மாடு அவர் வளர்த்தது, பால் ஊற்றியதும் அவரே. ஆனால் பாஸ் புத்தகம் கணவர் பெயரில். காளான் குடிலில் உழைப்பது மருமகள், ரசீது மாமனார் பெயரில். நாளைக்கு அனுபவத்தை மதிப்பிட வரும்போது அப்பெண்ணுக்கு ஓராண்டு அனுபவம்கூடக் காட்ட முடியாமல் போகும். பெயரை மாற்றுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வீட்டாரின் மனம் இசைந்தால் போதும்.

யாருக்கு இது தேவை?

எல்லா உழவருக்கும் கல்லூரி மதிப்பு தேவை என்பதில்லை. காளான் நன்றாக விளைந்து, விலை கிடைத்து, தொழில் செழித்தால் அதற்குமேல் சான்று எதற்கு? நல்ல பயிற்சியை, மதிப்பலகு இல்லை என்ற ஒரே காரணத்திற்காக ஒதுக்கிவிடக் கூடாது. மண் பரிசோதனை பற்றிய ஒரு நாள் பயிற்சி ஒரு மூட்டை உரச் செலவை மிச்சப்படுத்தினால், அந்தப் பயன் எந்த வங்கியிலும் வரவு வைக்காமலேயே உழவரின் கையில் இருக்கிறது.

ஆனால் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர், மணமானபின் கல்வியைத் தொடர விரும்பும் பெண், பண்ணை வேலையிலிருந்து மேற்பார்வையாளர் வேலைக்கு உயர எண்ணும் தொழிலாளி ஆகியோருக்கு இவ்வழி மெய்யாகவே உதவக்கூடியது. அவர்கள் செய்ய வேண்டிய வரிசை இதுதான்: விடுபட்ட பள்ளிப் படியை முடிப்பது, படிநிலை குறித்த பயிற்சியாகத் தேர்ந்தெடுத்துத் தேறுவது, அனுபவத்திற்குக் காகிதம் சேர்ப்பது, சேர விரும்பும் கல்லூரியிடம் எத்தனை மதிப்பலகு ஏற்பார்கள் என்று எழுத்தில் பெறுவது, அதன் பின்னரே பணம் கட்டுவது. இந்த வரிசையை மாற்றாமல் செல்பவருக்குப் பயின்ற ஒரு மணி நேரமும் வீண் போகாது.